கண்ணாடிகளுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

பயன்படுத்திய மூக்குக் கண்ணாடிகளை நன்கொடையாக நாட்டுக்குள் கொண்டுவருவோர் சுகாதார அமைச்சகத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலைநாட்டின் விதி இது. அவர்கள் இணையதளத்தில், யாரும் போகாத ஒரு மூலையில் இருந்தது. எங்கள் சபையிலிருந்து அந்த நாட்டுக்கு ஊழியப் பயணம் கிளம்பிய ஆறு பேரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. போகாத நான் படித்திருந்தேன்.

கிளம்பியவர்களில் ஒருத்தி என் மனைவி. அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று வாரம் கண் முகாம். நாற்பது தாண்டியவர்கள் ஊசியில் நூல் கோக்க முடியாமல், தானியத்தில் கல் பொறுக்க முடியாமல் இருக்கும் ஊர் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. எட்டு மாதம் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீடு வீடாகப் போய்ப் பழைய வாசிப்புக் கண்ணாடிகளைச் சேகரித்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவி இட்லித் துணியில் காயவைத்து, தெரிந்த கடையில் ஒவ்வொன்றின் பவரையும் அளந்து, ரங்கநாதன் தெருவில் டஜன் கணக்கில் வாங்கிய குழந்தைகள் காலுறைக்குள் ஒவ்வொன்றாகச் செருகினாள். கண்ணாடி பாட்டிக்கு, காலுறை பேரனுக்கு. குளிர் பிரதேசம். மொத்தம் முந்நூற்று எண்பது.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். அப்போது பயணத்துக்கு எழுபத்தைந்து நாள் இருந்தது. குழுவின் தலைவர் ஒரு பல் மருத்துவர். எங்கள் மகன் வயது.

"அங்கிள், போன தடவையும் கண்ணாடி எடுத்துட்டுப் போனோம். ஒருத்தனும் பொட்டியைத் தொறக்கச் சொல்லலை. நீங்களா போய் ஏன் மாட்டிவிடுறீங்க?"

"கேட்டுட்டா பயம் இல்லையே."

"கேட்காதப்பவும் பயம் இல்லை அங்கிள்."

முப்பது நாள் ஆயிற்று. பதில் இல்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், பார்வையில் கண்ட கடிதம் என்றெல்லாம் முறைப்படி அனுப்பினேன். அவர்கள் அலுவலகம் திறப்பது நம் நேரத்துக்குக் காலை பத்தரை. பத்தேகாலுக்கே கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். பன்னிரண்டுக்கு எழுந்து தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வருவேன், கையில் போனோடு. முதல் சுற்றிலேயே மூன்று தடவை பார்த்துவிடுவேன். முப்பத்து நாலு வருட அரசு உத்தியோகத்தில் எத்தனையோ பேருடைய கடிதங்களை 'பரிசீலனையில் உள்ளது' என்று மடித்துக் கட்டியவன் நான். அவர்களும் இப்படித்தான் ஏதாவது குளத்தைச் சுற்றினார்களோ என்னவோ.

இதற்கிடையே பெட்டிகள். ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ. பாண்டி பஜாரில் ஒரு கடையில் காலிப் பெட்டியின் எடை என்ன என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொட்டி மேல ஏறிக் குதிச்சுப் பாத்தவன்லாம் கீறான் சார். காலிப் பொட்டி வெய்ட்டை கேக்குற மொத ஆளு நீதான்." வாங்கிய பிறகு எடை போட்டேன். நாலு கிலோ முந்நூறு கிராம். மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, மலேரியா மாத்திரை, பருப்புப் பொடி, வேதாகமம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கதவில் ஒட்டினேன். மூன்று முறை அடுக்கினேன், மூன்று முறை கலைத்தேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது மனைவியிடம் சொன்னேன், அனுமதி இல்லாமல் கண்ணாடி போகக்கூடாது என்று.

"முப்பது நாள்ல பதில் வரலைன்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

"அது விதியில இல்லை. பதில் வராட்டி அனுமதிச்சதாக் கருதப்படும்னு ஒரு வரி இருந்தா பரவாயில்லை. இல்லையே."

"கேட்டது நீங்க. பதில் வராதது உங்களுக்கு. நான் யாரையும் எதுவும் கேக்கலையே?"

சட்டப்படி அது வலுவான வாதம். ஆனால் விண்ணப்பத்தில் அவள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்தன. அங்கே விமான நிலையத்தில் அவளைத் தனியே நிறுத்திவைத்தால் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கெஞ்சினேன். கடைசியில் பாதிக்கு ஒப்புக்கொண்டாள்: நூற்றுத் தொண்ணூறு கண்ணாடி, ஆறு பெட்டியிலும் பிரித்து.

ஞாயிறு காலை வழியனுப்பு ஆராதனை. ஆறு பேரும் முன்னால் முழங்காலில். சுங்க அதிகாரிகளின் கண்களை மறைக்கும்படி ஒருவர் உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் என் ஜாதி.

மதியம் அவர்களுக்குக் கடைசிக் கூட்டம். கண்ணாடிகளைப் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். தராசை எடுத்து வைத்துக்கொண்டு, லேசான காலுறைகளைப் பெட்டிகளில் போட்டேன். கனமானவற்றை அட்டைப்பெட்டியில் ஒதுக்கினேன். ஒவ்வொரு பெட்டியும் இருபத்திரண்டு கிலோ எண்ணூறு. எனக்கு அந்த எண்களைப் பார்க்கவே திருப்தியாக இருந்தது. அவள் வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "சரியா இருக்கா?" என்றாள். சரியாக இருக்கிறது என்றேன்.

அங்கே யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

"ரெண்டரையும் மூணும் எங்க?"

"என்ன ரெண்டரை?"

"பவர். எல்லாம் ஒண்ணு, ஒண்ணேகால், ஒண்ணரைதான் இருக்கு. கைக்கு வந்ததெல்லாம் அதான். மூணு பவர் மொத்தமே ஆறுதான் கிடைச்சுது. முதல் நாளே தீர்ந்துடுச்சு. எப்படிப் பிரிச்சீங்க?"

எடைபோட்டு, என்றேன்.

பவர் கூடக் கூட வில்லை தடிமன், தடிமன் கூடக் கூட எடை. வயதானவர்களுக்கு வேண்டியதையெல்லாம் கிராம் கணக்கில் பொறுக்கியெடுத்து வீட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஒரு அம்மா மூணு மணி நேரம் நடந்து வந்தாங்க. தையல்காரங்க. ஒண்ணரையைப் போட்டுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கோபமெல்லாம் படலை. காலுறையை மட்டும் வச்சுக்கிட்டாங்க."

கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும் என்பது எனக்கே தெரியும்.

திரும்பி வந்தபோது இளைத்திருந்தாள். முகாம் நன்றாக நடந்தது என்று சபையில் சாட்சி சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டைப்பெட்டி படுக்கையறை மூலையில் இருந்தது. பெருக்கும்போது அதைத் தூக்கி வைத்துவிட்டுப் பெருக்கி, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். அதை வேறெங்கும் வைக்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அவள் வந்து ஒன்பது நாள் கழித்து, காலை பத்து ஐம்பதுக்கு அமைச்சகத்தின் மின்னஞ்சல் வந்தது. முந்நூற்று எண்பது கண்ணாடிகளுக்கும் மகிழ்ச்சியுடன் அனுமதி அளிக்கப்படுகிறது. நகல் எடுத்து அவளிடம் கொடுத்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, தன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தாள்.

"ஆறு மாசம் செல்லும்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"இந்தத் தடவை நீங்க தூக்கிட்டு வாங்க" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பழக்கத்தில் பென்சிலை எடுத்து மேல் ஓரத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, செப்டம்பர் பதினெட்டு, வியாழன்.