பதினெட்டாம் வரிசையின் இரண்டு கதிரைகள்

தாய் நிறுவனத்து விமானிகளின் ஒப்பந்தம், ஆறாம் பந்தி: அதன் பெயரில் பறக்கும் துணை நிறுவனங்களின் விமானங்களில் எழுபது பயணியர் இருக்கைகளுக்கு மேல் பொருத்தக்கூடாது. பொருத்தினால் அந்த விமானத்தைத் தாய் நிறுவனத்து விமானிகளே ஓட்டுவார்கள். சந்தேகம் வந்தால் விமானிகளும் நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்குழுவுக்கு எழுதலாம். பதினான்கு நாளில் பதில் வரும். இந்தக் கடைசி வசனத்தை நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

நான் வேலை செய்தது அப்படியொரு துணை நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில். எந்த விமானம், எந்தத் தடம், எந்த விமானி என்று அட்டவணை போடுவேன். பெரிய விமானங்களைக் குறைந்த சம்பளக்காரரிடம் கொடுத்துத் தங்கள் வேலையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்த விமானிகள் போட்ட வேலிதான் ஆறாம் பந்தி. நியாயமான பயம். ஆனால் விமானம் செய்கிறவர்கள் ஒப்பந்தம் படிப்பதில்லை. எங்களுக்கு வந்து இறங்கிய ப்ரொப்பெல்லர் விமானத்தில் பதினெட்டு வரிசை, வரிசைக்கு நான்கு. எழுபத்திரண்டு.

1. “ரெண்டே ரெண்டு கதிரை”

இயக்குநர் யென்ஸ் டேனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

“ரெண்டே ரெண்டு கதிரை, சிவா. விக்காமல் விட்டால் சரிதானே?”

“விதி ஆக்களை எண்ணேல்லை, யென்ஸ். கதிரையை எண்ணுது.”

“நீ ஆற்ற பக்கம்?”

“ஆறாம் பந்தியின்ர பக்கம்.”

எனக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. டென்மார்க்கின் ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்த அனுஷா எங்கள் துணை விமானி. அந்தக் கோடையில் இதே விமானத்தில் கப்டனாக வேண்டியவள். விமானம் கைமாறினால் அவளது பதவி உயர்வும் போய்விடும். துணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் தகப்பன், என் நண்பர் அருள், கப்டனின் தோளில் வரும் நான்கு கோடுகளைப் பற்றி வாரம் தவறாமல் விசாரிப்பார்.

“அண்ணை, பிள்ளைக்கு நாலு கோடு எப்ப போடுவியள்?”

“அது என்ர கையில இல்லை, அருள். ரெண்டு கதிரையில இருக்குது.”

“விளங்கேல்லை அண்ணை.”

“எங்கட இயக்குநருக்கும் விளங்கேல்லை.”

யென்ஸின் யோசனை செல்லுமா என்று கூட்டுக்குழுவுக்கு எழுதினேன். பதினான்கு நாள் போனது. நினைவூட்டினேன். இன்னொரு பதினான்கு போனது. அதற்கு மேல் காத்திருந்தால் கோடையே போய்விடும். 18C, 18D இரண்டையும் கழற்றும் படிவத்தை நானே நிரப்பினேன். யென்ஸ் பெருமூச்சோடு கையெழுத்திட்டார். தொழில்நுட்பப் பிரிவு ஒரே காலையில் கதிரைகளைக் கழற்றி, அந்த இடத்தில் கோட்டுகள் தொங்கவிட ஒரு அலுமாரியைப் பொருத்தியது. எழுபது. அனுஷா கப்டனானாள்.

2. அலுமாரி

கப்டனாக அவளது முதல் பறப்பு பில்லுண்டிலிருந்து போர்ன்ஹோல்ம் தீவுக்கு. விமானம் நிறைந்திருந்தது. கொண்டாட்டத்துக்காக யென்ஸும் நானும் ஊழியர் டிக்கெட்டில் நான்காம் வரிசையில் இருந்தோம். பின்னாலிருந்து அருளின் குரல் கேட்டது.

“அண்ணை! இஞ்ச கதிரை இல்லை. அலுமாரியெல்லோ நிக்குது!”

கோட்டும் கழுத்தில் ரையுமாக அருள். பக்கத்தில் பட்டுச் சேலையில் அவர் மனைவி றீற்றா, கையில் ஒரு பெட்டி. அவர்களின் போர்டிங் அட்டையில் 18C, 18D.

இருக்கை மாற்றப் படிவம் நான்கு இடங்களுக்குப் போக வேண்டும்: தொழில்நுட்பம், எடைக் கணக்கு, விமானப் பணியாளர், டிக்கெட் பதிவு. மற்றவர்களின் படிவங்களைச் சிவப்புப் பேனையால் திருத்தியே பெயரெடுத்த நான் முதல் மூன்று இடங்களுக்குத்தான் அனுப்பியிருந்தேன்; டிக்கெட் பதிவு எழுபத்திரண்டையும் விற்றிருந்தது.

“ஆர் கழட்டினது?” என்றார் றீற்றா.

“நான்தான்.”

“ஏன்?”

“உங்கட மகளுக்காக.”

காக்பிட் கதவு திறந்தது. தோளில் நான்கு கோடுகள். “அங்கிள், ஏழு நிமிசம்தான் இருக்கு. ரெண்டு பேர் இறங்கோணும்.” பிறகு பெற்றோரைப் பார்த்தாள், கப்டனின் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகமானது.

யென்ஸ் என்னைப் பார்த்தார்.

“ரெண்டே ரெண்டு கதிரை, யென்ஸ்,” என்றேன்.

அவர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். எங்கள் இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இறங்கும்போது றீற்றா பெட்டியை என் கையில் திணித்தார். “மட்டன் ரோல்ஸ். பசியில நிக்காதேங்கோ.”

வேலியோரம் நின்று நானும் யென்ஸும் ரோல்ஸ் சாப்பிட்டோம். அனுஷா விமானத்தை மெத்தென்று தூக்கினாள். யென்ஸ் கண்ணைத் துடைத்தார்.

“அழுறியளோ?”

“உறைப்பு,” என்றார். பிறகு இன்னொரு ரோலை எடுத்தார்.

3. பதில்

இளம் திட்டமிடலாளர்களுக்கு ஒன்று சொல்வேன். விதியைத் தலைகீழாகப் பாடமாக்கியிருப்பது நல்லதுதான். ஆனால் படிவம் நான்கு பேருக்குப் போக வேண்டுமென்றால், நான்காவது ஆளுக்கு ஒரு போன் எடுத்துவிடுங்கள். ஒப்பந்தம் தெரிந்தவர்களைத்தான் இந்தத் தவறு தேடி வரும்.

ஓய்வு பெற்றபோது அந்த இரண்டு கதிரைகளையும் எனக்குப் பரிசாகத் தந்தார்கள், இனி எந்த விமானத்திலும் பொருத்தக்கூடாது என்ற கழிவுச் சான்றிதழோடு. சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டேன். அவை இப்போது விபோர்க்கில் எங்கள் தோட்டத்தில் நிற்கின்றன. 18C என் மனைவிக்கு.

நான் 18Dயில் தேநீரோடு இருந்தபோது, அலுவலகத்துக்கு வந்த ஒரு மின்னஞ்சலைக் கப்டன் அனுஷா எனக்கு அனுப்பிவைத்தாள். மேலே, “அங்கிள், இது உங்களுக்கு!” கீழே கூட்டுக்குழுவின் பதில்: விற்காவிட்டாலும் பொருத்திய இருக்கை கணக்கில் சேரும், மேலதிக இரண்டையும் உடனே கழற்றவும்.

அவளது முதல் பறப்புக்கு இரண்டு வருடம் கழிந்திருந்தது. கூட்டுக்குழு பதில் எழுதிய திகதி ஜூன் ஐந்து, டென்மார்க்கில் பாதி அலுவலகங்கள் பூட்டிக்கிடக்கும் அரசியலமைப்பு நாள்.