மண்ணெண்ணெய் குடித்த கார்

வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கண்டாக்கு. மலைமலையாகப் போய்க் கொழுந்தெடுப்பை மேற்பார்ப்பது என் வேலை. என் பழைய கார் மேடேறினால், தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வரும். எஞ்சினுக்குள் கரி பிடித்திருந்தது. இருமலுக்குக் கைமருந்து சொல்வதுபோல் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் லொறி டிரைவர் சொன்னபடி, பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, ஒயிலையும் மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயமே மறையுமளவுக்குக் கரும்புகை. அதன்பிறகு கார் மேட்டில்கூட மூச்சுக் காட்டாமல் ஓடியது.

மறுநாள் மலையில் போய் இறங்கினேன். பத்து வருடமாக நான் போகும்போதெல்லாம் தலை நிமிராமல் கொழுந்தெடுத்த பெண்கள், கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கங்காணி குடைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். இந்த மலையைப் பற்றித்தான் தோட்டத்துத் துரையிடம் அத்தனை பெருமையடித்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூத்த அம்மா ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "வண்டிக்கு என்னங்கய்யா ஆச்சு? நல்லாத்தானே இருந்துச்சு."

இப்போது வளைவுக்கு முன்பே ஹார்ன் அடித்துவிடுகிறேன். என் மலையைப்போல் ஒழுங்கான மலை இந்தத் தோட்டத்தில் வேறு கிடையாது.