புல்லாங்குழல் பெல்ட்

துளை போடும் உளியைப் பெல்ட்டின் மேல் நிறுத்தி, சுத்தியலை ஓங்கிவிட்டுத்தான் கேட்பார் பெல்ட்காரர்: "உடம்பை நீங்க குறைக்கிறீங்களா, இல்ல அதுவா குறையுதா?"

இடுப்பு தளர்ந்துவிட்டது, உள்பக்கம் ஓர் ஓட்டை வேண்டும் என்று வந்தவர், நடக்கிறேன், சாப்பாட்டைக் குறைத்தேன் என்றால் சுத்தியல் இறங்கும். "தானா இளைச்சுட்டேன்" என்றால் இறங்காது. மேல்வயிறு வலித்து முதுகுக்குப் போகிறதா, பசி செத்துவிட்டதா, திடீரென்று சர்க்கரை வந்ததா, எங்கே கண்ணைக் காட்டுங்கள், மஞ்சளா என்று அடுக்குவார். இது பெல்ட் கடையா ஆஸ்பத்திரியா என்று சிலர் முறைப்பார்கள். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுங்க. இல்லைன்னு டாக்டர் சொல்லட்டும், நான் ஓட்டை போடுறேன்."

பெல்ட்டும் பையும் பழுது பார்க்கும் இந்தக் கடையை ஒற்றை ஊசியோடு தொடங்கியவர், இன்று கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார். யார் வந்தாலும் அதை ஒருமுறை திறந்து மூடிக் காட்டாமல் விடமாட்டார். பள்ளிக்கூடம் தன்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டதாகச் சொல்வார். "கேட்டதுக்கு மேல ஒரு ஓட்டை போட்டதில்ல இந்தக் கை. வேண்டாத ஓட்டை தோலுக்குப் பகை."

அவருடைய சொந்தப் பெல்ட்டில் மட்டும் உள்பக்கம் வரிசையாக ஓட்டைகள். மனைவி அதற்குப் புல்லாங்குழல் என்று பெயர் வைத்திருக்கிறாள். முன்பு தானாக இளைத்தபோது, வாலிபம் திரும்புகிறது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு அவரே போட்டவை. கண் மஞ்சளானதும் அவள்தான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கணையத்தில் புற்றுநோய். "கணையம்னு ஒண்ணு வயித்துக்குப் பின்னாடி இத்தனை காலம் வாடகை குடுக்காம குடியிருந்திருக்கு, எனக்கு அதோட பேரே தெரியாது." பரவுமுன் அகப்பட்டதால் வெட்டி எடுக்க முடிந்தது. பலருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

பக்கத்து ரொட்டிக்கடைக்காரர், இவர் மனைவியின் தம்பி. போன வருடம் அவரும் பெல்ட்டோடு வந்தார்.

"மாமா, உள்ள ஒண்ணு போடுங்க. காளையாட்டம் ஆயிட்டேன்."

"எப்படி இளைச்ச மாப்ள?"

"சும்மா உக்காந்துக்கிட்டேதான். குடுத்து வச்ச உடம்பு. புதுசா சர்க்கரை வந்திருக்கு, அதுல இருக்கும்."

"முதுகு?"

"மாவு மூட்டை தூக்குறவனுக்கு முதுகு வலிக்காம என்ன செய்யும்?"

பெல்ட்டைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "ஸ்கேன் எடுத்துட்டு வா, தரேன்."

ரொட்டிக்கடைக்காரர் அக்காவிடம் முறையிட்டார். அக்கா ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். அதை இடுப்பில் கட்டி, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி மறுகையால் ரொட்டி விற்றார். வாங்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பு பொறுக்காமல்தான் ஸ்கேன் எடுக்கப் போனார்.

இருந்தது. சிறியதாக இருந்தது.

அறுவை சிகிச்சை, பிறகு மருந்து. அந்த மாதங்களில் பெல்ட்காரர், தோல் வெடித்துவிடாமல், பூட்டிய பெல்ட்டை அவ்வப்போது எடுத்து எண்ணெய் தடவுவார். தடவும்போது யார் வந்து நின்றாலும் நிமிர மாட்டார். கண்ணாடிக் கதவைக்கூடக் காட்ட மாட்டார்.

நேற்று அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கன்னம் பழையபடி உப்பியிருந்தது. பெட்டி திறந்தது. பெல்ட்டை மாட்டிப் பார்த்தார், மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"எட்ட மாட்டேங்குது மாமா. அக்கா ஊட்டியே கெடுத்துட்டா. வெளிப்பக்கம் ஒண்ணு போடுங்க."

"திருட்டு ரொட்டி தின்னா எட்டுமா?"

"என் கடை ரொட்டியை நான் தின்னா திருட்டா?"

சுத்தியல் இறங்கியது. சுத்தமான வட்டம். ரொட்டிக்கடைக்காரர் கையை நீட்டினார். பெல்ட்காரர் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம் தள்ளி, கேட்காத இடத்தில் உளியை நிறுத்தி, மறுபடியும் சுத்தியலை ஓங்கினார்.