இருபத்தொன்பதாம் நாள்

அம்மா இறந்த ஒன்பதாம் நாள் மாலை ஐயர் எங்கள் உடுவில் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள்தான் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்திருந்தது. இனி அந்தியேட்டிக்கு நாள் வைக்க வேண்டும். கீரிமலையில் சாம்பலைக் கடலில் கரைத்துச் செய்யும் அந்தக் கிரியை வழக்கமாக முப்பத்தோராம் நாள் நடக்கும். கனடாவிலிருந்து வந்திருந்த தம்பிக்கு முப்பதாம் நாள் பிளேன்.

"இப்ப எல்லா வீட்டிலையும் உதுதானே பிரச்சினை," என்றார் ஐயர். "ஒற்றை நாளாய் இருந்தாச் சரி. இருபத்தேழிலையும் வைக்கலாம், இருபத்தொன்பதிலையும் வைக்கலாம்."

"முந்திக் கிரகத்தைப் பாத்து நாள் வைச்சியள். இப்ப பிளேனைப் பாத்து வைக்கிறியள்," என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. துக்க வீட்டிலும் அவர் வாய் சும்மா இருக்காது.

தம்பி வந்து சேரப் பிந்தியதால் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். ஐயர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கொள்ளி வைச்ச ஆள் சொல்லட்டும். எது வசதி, தம்பி?"

இருபத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்குச் சோதனை. பி.ஏ. எனப்படும் கலைமாணிப் பட்டத்தின் கடைசி வினாத்தாள். நேர அட்டவணை மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"எனக்கு எது எண்டாலும் பரவாயில்லை," என்றேன்.

"அப்ப இருபத்தொன்பது," என்றார் மாமா. "சாமான் வாங்க ரெண்டு நாள் கூடக் கிடைக்கும்." ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறேன். ஏ.எல். சோதனையில் சித்தியடைந்தாலும் வெட்டுப்புள்ளிக்குப் புள்ளிகள் காணாததால் பல்கலைக்கழகம் போகவில்லை. நாற்பது வயதில் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, வெளிவாரி மாணவனாகப் பதிந்தேன். ஏன் பதிந்தேன் என்று கேட்டால் இப்போதும் சரியான பதில் இல்லை. சனி, ஞாயிறுகளில் வகுப்பு. நான் இருக்கும் கடைசி வாங்கில் வேறு யாரும் வந்து இருப்பதில்லை. முதல் சோதனைக்குப் போனபோது ஒரு பிள்ளை என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றது. அதன்பிறகு மணி அடிக்கும் வரை வெளியே நின்று கடைசியாகவே உள்ளே போவேன்.

நான் படிப்பது வீட்டில் மனைவிக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மாமாவுக்கும் தம்பிக்கும் சொன்னதில்லை. பட்டம் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். எட்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு இதுதான் எட்டாவது வருடம். இந்து நாகரிகத்தில் ஒரு தாள் மட்டும் மிச்சம். அதை இந்தமுறை எழுதாவிட்டால் பதிவு காலாவதி.

ஐயர் போன பிறகு மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"ஏனப்பா வாய் திறக்கேல்லை? இருபத்தேழு எண்டு சொல்ல எவ்வளவு நேரம்?"

"பிறகு சொல்லுவம்."

"நான் சொல்லட்டே?"

"வேண்டாம்."

அவர் கோப்பையைக் கழுவத் தொடங்கினார். நான் வெளியே போனேன்.

சொல்ல நாள் இருந்தது. மாமா தினமும் வந்தார். தம்பி எனக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்தான். ஆனால் நாளைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டிருந்தது. அம்மா போனதிலிருந்து எதையும் தூக்கி எடுக்கக் கை வராதது போல இருந்தது. அழுகை கூட வரவில்லை. பிறகு அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவுப் புத்தகமான அம்மாவின் கல்வெட்டு அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்தது. முதற்பக்கத்தில் அந்தியேட்டித் திகதி போட்டிருந்தார்கள். எழுத்துப்பிழை பார்க்கும் வேலை எனக்கு. மூன்று பிழை கண்டுபிடித்தேன். திகதியில் பிழை இல்லை. அப்படியே திருப்பி அனுப்பினேன்.

வியாழக்கிழமை விடியக் கீரிமலைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஐயர் சொன்னபடி பிண்டம் வைத்தேன், தண்ணீர் விட்டேன், கடலில் இறங்கிச் சாம்பலைக் கரைத்தேன். கேணியில் முழுகி ஏறும்போது தம்பியிடம் மணி கேட்டேன்.

"ஒம்பது பத்து. ஏன் அண்ணை, குளிருதோ?"

"இல்லை."

இந்நேரம் வினாத்தாள் கொடுத்திருப்பார்கள். கிரியைகள் பற்றி ஒரு வினா ஒவ்வொரு வருடமும் வரும். அதை நான் நன்றாகப் படித்திருந்தேன். அரை மணி நேரம் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். வீடு திரும்பிய வாடகை வான் மல்லாகம் தாண்டும்போது அந்த அரை மணி நேரமும் முடிந்துவிட்டது. ஈர வேட்டியோடு முன் சீற்றில் இருந்தேன். மாமா பின்னால் வடைக்கு உழுந்து காணுமா என்று கதைத்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் சனம் சாப்பிட்டுப் போன பிறகு மனைவி சோதனை விஷயத்தைச் சொல்லிவிட்டார். தம்பிக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

தம்பி சாப்பாட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இருபத்தேழிலை வைச்சிருப்பமே. எனக்கென்ன அதிலை?"

"பி.ஏ.யோ? இவனோ?" என்றார் மாமா. "என்ரை பெரிய மருமோன் கடையிலை பருப்பு நிறுக்கிறான் எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தன்." பகிடியாகத்தான் தொடங்கினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஐயர் உன்னைத்தானே கேட்டவர், மோனை."

நான் தலையை ஆட்டினேன். அடுத்த நாள் தம்பியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அனுப்பினோம்.

இரண்டு கிழமை கழித்துப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பிரிவுக்குப் போனேன். கிரியைக்கு மழித்து மயிர் முளைக்கத் தொடங்கியிருந்த என் தலையைப் பார்த்து, விண்ணப்பம் வாங்கும் கருமபீடத்தில் இருந்த பிள்ளை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டியது. விபரத்தைச் சொல்லி, அந்தத் தாளை இன்னொரு முறை எழுத வழி இருக்கா என்று கேட்டேன்.

"மருத்துவச் சான்றிதழ் இருந்தா நாங்களே செய்யலாம், அண்ணை. செத்தவீட்டுக்கு எண்டால் மேலை முடிவெடுக்கிற மூதவைக்குத்தான் கடிதம் போகோணும். காரணத்தை எழுதித் தாங்கோ. இன்னொரு முறை எழுத விடுவினமோ தெரியாது."

சுவரோரத்து வாங்கில் இருந்து எழுதினேன். அன்று என் தாயாரின் அந்தியேட்டி நடந்தது என்று எழுதினேன். அடுத்த வரியில், வேறு நாள் வைக்கும்படி நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்றும் எழுதினேன். அதை யோசித்து எழுதவில்லை. கை போன போக்கில் வந்தது.

அந்தப் பிள்ளை வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "ரெண்டாவது வசனத்தை வெட்டிவிடுங்கோ. உங்களுக்குத்தான் கூடாது."

பின்னால் நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

"இருக்கட்டும், பிள்ளை," என்றேன்.

என்னை ஒருதரம் பார்த்தது. திகதி முத்திரை குத்தியது. மூதவை அடுத்த மாதம் கூடும், பதில் தபாலில் வரும் என்றது. நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். இரண்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும்.