இடது கால் ஷூ

என் பட்டறைச் சுவரில், அளவு நாடாவுக்குப் பக்கத்து ஆணியில், ஒரு வெள்ளை ஷூ தொங்குகிறது. இடது கால் மட்டும். அதன் நுனி பிறை வடிவில் தேய்ந்து உள்துணி தெரியும். சைக்கிள் செய்துகொள்ள அரியமங்கலம் வருகிறவர்கள், லாரியில் கட்டுவதுபோல் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் தலையாட்டிவிடுவேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவருடைய ஷூ அது. ஊரே சிஸ்டர் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அப்போது எனக்கு ஜன்னல் கிரில், கேட் வேலை. கூடவே பழைய சைக்கிள் சாமான் வாங்கி விற்பேன். விடியற்காலையில் கூட்டமாக ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் கியர், பிரேக், சக்கரம் என்று கழற்றிக் கொண்டுவருவார்கள். அதையே இன்னொருவர் வந்து ஆசையாக எடுத்துப்போவார். "ஒருத்தர் கழட்டிப் போட்ட ஆசைய இன்னொருத்தர் மாட்டிக்கிறார்" என்பார் எதிர் டீக்கடைக்காரர். அந்தக் கூட்டத்தில் சிஸ்டருக்கு மட்டும் எந்தச் சைக்கிளும் பொருந்தவில்லை. என் தோளுக்குத்தான் வருவார். கிடைத்த பழைய ஃப்ரேமெல்லாம் உயரமான ஆண்களுக்கானது. எட்டி எட்டிப் பிடித்து, கழுத்து வலியோடு எப்போதும் கடைசியில் வருவார். ஒருநாள் கேட்டார்: "ஊருக்கெல்லாம் அளவெடுத்து ஜன்னல் செய்யறீங்க. எனக்கு அளவெடுத்து ஒரு ஃப்ரேம் செய்ய மாட்டீங்களா?"

எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒரு பழைய ஃப்ரேமை அறுத்துப் பார்த்தேன், செல்போனில் வீடியோ பார்த்தேன், நாலு குழாயை வீணாக்கினேன். சிஸ்டருடைய கால், கை, தோள் எல்லாம் அளந்து செய்த ஃப்ரேமில், கையிலிருந்த பழைய சக்கரங்களைக் கோத்துச் சுவரில் சாய்த்து வைத்தபோது எனக்கே கண் கலங்கியது. அதுவரை நான் செய்ததெல்லாம் யாரையாவது உள்ளே வராமல் தடுப்பதற்கு. முதன்முறையாக ஓர் ஆளை வெளியே அனுப்புகிற பொருள் செய்திருந்தேன். சிஸ்டர் கூட்டத்தின் நடுவில் ஓட்ட ஆரம்பித்தார். அவர் சொல்லிச் சொல்லியே இரண்டு பேர் தங்களுக்கும் ஃப்ரேம் வேண்டும் என்றார்கள். நான் கிரில் வேலை எடுப்பதை நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கட்டில் கட்டோடு வந்தார். அம்மா மண்டபம் சாலையில் திரும்பும்போது நாய் குறுக்கே வந்ததாம். வளைந்த பிரேக்கை நிமிர்த்தப் போனவன், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் இடது ஷூ நுனி தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். கழற்றித் தரச் சொல்லி அதைப் பெடல்மேல் வைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பினேன். முன்சக்கரம் வந்து அந்தப் பிறைக்குள் சரியாக உட்கார்ந்தது. ஃப்ரேமைத்தான் அவர் அளவுக்குச் சுருக்கியிருந்தேன். பழைய சாமானில் கிடைத்த சக்கரமோ பெரிய ஆட்களுடையது, திருப்பினால் கால் நுனியில் இடிக்கும். கிரில்காரன் புத்தி. ஜன்னல் வைத்த இடத்தில் நிற்கும், சைக்கிள் திரும்புமே. நிற்கவைத்து அழகு பார்த்தேனே தவிர, திருப்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"மொத நாள்லேருந்தேதான். நேரா போனா ஒண்ணுமில்லீங்க. மெதுவா திரும்பறப்பதான் இடிக்கும்."

"நாய்னு சொன்னீங்க."

"நாய் வந்து இல்லேன்னு சொல்லப்போகுதா?"

"எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தான் மருந்துன்னு வார்டுல எல்லாரையும் அதட்டுவீங்களே."

"அது நோயாளிக்குங்க. நீங்க இப்பத்தான் கிரில்ல விட்டுட்டு இதுல இறங்கியிருக்கீங்க. தலைப்பிரசவத்துலயே பிள்ளைக்கு நொட்டை சொல்வாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றி பிறகுதான் வந்தது. ஊசி போடுகிற கை அது. என் பெயர் கெடக்கூடாது என்று அதை ஒடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். அவர் மூடிவைத்தால் அடுத்த இரண்டு பேரும் இதே மாதிரி விழுவார்கள்.

அடுத்த ஞாயிறு, சைக்கிள் கூட்டம் நிற்கிற டீக்கடைக்குப் போய், விழுந்ததற்குக் காரணம் நாய் இல்லை, நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சிஸ்டர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரேம் கேட்டிருந்த ஒருவர், "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்துபோனார். இன்னொருவர், குட்டையான பேங்க் கிளார்க், டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்க தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? அப்ப எனக்குச் செய்யுங்க."

சிஸ்டருக்காகச் சின்னச் சக்கரம் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். கிடைத்ததும் ஃப்ரேமின் முன்பக்கத்தை அறுத்து, நீட்டி, மறுபடி பற்றவைத்தேன். எடுத்துப்போக வந்தவர் புது ஷூ போட்டிருந்தார். பையில் கொண்டுவந்த பழைய ஜோடியைக் குப்பையில் போடச் சொன்னார். வலதைப் போட்டேன்.

இன்றும் எந்த ஃப்ரேம் முடிந்தாலும், பெயின்ட் அடிக்கும் முன் அந்த இடது ஷூவைப் பெடலில் கட்டி, சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். நடுவில் என் விரல் தாராளமாக நுழைய வேண்டும். என் கண்ணே பட்டுவிடாமலிருக்க இது ஒரு திருஷ்டிக் கழிப்புதான்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் இப்போது மணப்பாறையில் மகள் வீட்டில் இருக்கிறார். இன்னமும் ஓட்டுகிறார். போனில் பேசும்போதெல்லாம் கேட்பேன், "வண்டியில ஏதாச்சும் குறை இருக்கா சிஸ்டர்?"

"ஒரு குறையும் இல்லீங்க."

அந்த வாயை நான் நம்புவதில்லை. ஷூவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். சிரித்துக்கொண்டே திட்டுவார், ஆனால் அனுப்பிவிடுவார். போன வாரமும் வந்தது. மண் ஒட்டிய இடது ஷூ. பெரிதாக்கி நுனியைப் பார்த்தேன். தேயவில்லை.