பீட்டுக்கும் பீட்டனுக்கும் நடுவே

பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பெண்மணி, "ஐ வாஸ் ஸ்டுட் ஹியர் ஹாஃப் அன் அவர்" என்றார். அவரை யார் நிற்கவைத்தது என்று நான் சுற்றிப் பார்த்தேன். நான் படித்த இலக்கணப்படி அதற்கு 'நிற்கவைக்கப்பட்டேன்' என்றுதான் பொருள். இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தத் துறைமுக நகரத்திலோ சும்மா நின்றாலே அப்படித்தான் சொல்கிறார்கள். உடைந்த கோப்பையும் 'ப்ரோக்கன்' இல்லை, 'ப்ரோக்'. ஆங்கிலேயர்களே தப்பாகப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும்.

காரணம், ராயபுரத்தில் நான் படித்த பள்ளி. பிலோமினா மிஸ் கரும்பலகையை மூன்றாகப் பிரித்து டேக், டுக், டேக்கன் என்று எழுதுவார். செயப்பாட்டு வினையில் மூன்றாவது சொல்தான் வரவேண்டும், செய்தவர் பெயர் 'பை' போட்டு வரவேண்டும். தப்பினால் ஐம்பது தடவை இம்போசிஷன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டில் ஆங்கிலம் கிடையாது. அந்த மூன்றாவது வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் நர்சிங் முடித்து, மொழித் தேர்வில் தேறி, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே வால்டர் என்றொரு பெரியவர். காலையில் அவரைத் தோட்டத்தில் நடக்கவைப்பது டேனியலின் வேலை. டேனியல் நைஜீரியாக்காரர், என்னைப் போலவே வேலை விசாவில் வந்தவர். ஒருநாள் நடந்து திரும்பிய வால்டர் நாற்காலியில் சாய்ந்து, "ஐ வாஸ் பீட், லவ்" என்று சிரித்தார். இங்கே யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடையில் டேனியலிடம் தோற்றுவிட்டாராம் என்று நானும் சிரித்தேன். பதிவேட்டில், பெரியவரின் இலக்கணத்தைத் திருத்தியே எழுதினேன்: 'ஹி வாஸ் பீட்டன் பை டேனியல் திஸ் மார்னிங்.'

மறுநாள் டேனியலைக் காணோம். மேலாளர் அம்மா என்னை அழைத்துப் பதிவேட்டைக் காட்டினார்.

"டேனியல் அவரை அடித்ததை நீ பார்த்தாயா?"

"அடிக்கவில்லை. அவர் 'பீட்' என்றார். நான்தான் திருத்தினேன்."

'பீட்' என்றால் களைத்துப்போனேன் என்று பொருளாம். வால்டரும் அதையேதான் சொன்னார். ஆனாலும் விசாரணை முடிய மூன்று நாளானது, அதுவரை டேனியல் வேலைக்கு வரக்கூடாது. நம்மூரில் இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. வேலை போனால் விசா போகும், டேனியலுக்கு இரண்டு பிள்ளைகள்.

அவர் திரும்பிவந்த அன்று வாசலிலேயே காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் மனைவி மூன்று நாளாகத் தூங்கவில்லை" என்றார். "இனிமேல் அவர்கள் சொல்வதை அப்படியே எழுது."

அப்படியே எழுதுகிறேன். அதில் ஒரு சுவாரசியமும் பிடிபட்டுவிட்டது. அவர்கள் தப்புகளுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: மூன்றாவது சொல்லின் இடத்தில் இரண்டாவதையே போடுகிறார்கள்.

போன வாரம் மதிய இடைவேளையில் அருள் அண்ணன் வீடியோவில் வந்தான். காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், அப்போதுதான் வேலை முடிந்து வெளியே வந்திருந்தான்.

"இன்னாமா, மூஞ்சி ஒருமாரி கீது?"

"ஐ ஆம் பீட்ணா." அதுதான் வாயில் வந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்தி, "யாரும்மா அட்ச்சது?" என்றான்.

நம் ஊர்ச் சொல் ஒன்று இதற்கு இருக்கிறதே என்று தேடினேன். உடனே வரவில்லை. "யாரும் அடிக்கலணா" என்றேன். "ஒடம்பு அட்ச்சுப் போட்டா மாரி கீது, அவ்ளோதான்."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுவந்து, என் கன்னத்தில் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.