ஈரக் கயிறு

பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மாடியில் விட்டுப்போன தேங்காய்நார்க் கயிறு மழையில் நனைந்து கிடந்தது. அதைச் சுருட்டும்போது மகள் கேட்டாள், "எக்ஸைல்னா என்னம்மா?" நாடு கடத்துறது என்று சொல்லி முடிப்பதற்குள் ஈரநாரின் வாடை மூக்கில் ஏறியது.

எழுபதுகளில், கழுகுமலைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் யாரையும் எங்கும் கடத்தவில்லை. ஊர்விலக்கு வைத்தார்கள். வரப்புத் தகராறுக்கு ஊர்க்கூட்டத்தைக் கேட்காமல் போலீசுக்குப் போன சித்தப்பா, அதாவது என் அய்யாவின் தம்பி, பக்கத்து வீட்டிலேயேதான் இருந்தார். அவர் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, தண்ணீர் தரக்கூடாது. மீறினால் நமக்கும் அதே கதி.

ஊருக்கு ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. அவரவர் வீட்டுக் கயிற்றோடுதான் இறைக்கப் போவோம். தினமும் விடிந்ததும் அய்யா எங்கள் கயிற்றைத் தடவிப் பார்ப்பார்.

"ஏட்டி, காயப்போட்ட கயிறு எப்படி நனைஞ்சுது? அங்கன தண்ணி ஊத்துதியா?" தெருவுக்கே கேட்கும்.

"நான் தொடவே இல்ல," என்பாள் அம்மா. நான் அவளை நம்பவில்லை. அவளறியாமல் சேலை ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பேன்.

விலக்கு நீங்கிய அன்று சித்தி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, விடியுமுன்ன பொறவாசல்ல நெறகுடம் வச்சிட்டுப் போனீயளே. அதுலதான் பிள்ளைக பொழைச்சுது."

"நான் எங்கட்டி வச்சேன்?" என்றாள் அம்மா.

எல்லாரும் அய்யாவைப் பார்த்தோம். அவர் எழுந்துபோய், காய்ந்து கிடந்த கயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஈரக் கயிற்றைக் கண்டால் எனக்கு இன்றும் சந்தேகம்தான்; ஆனால் சத்தம் போடுகிறவர் மேல்.